காப்பதானால் அங்கே வாழ்பவர்களையும் சட்டத்தில் எழுதிவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வன்னியின் கடல்நீரேரிகளையும் குளங்களையும் சுற்றிச் சுற்றுலாவை வளர்ப்பது பற்றி அடிக்கடி பத்திரிகைகளில் வாசிக்கிறேன். நந்திக்கடல், சுண்டிக்குளம், கொக்கிளாய் என்று பெயர்கள் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், மறுபக்கம் பயம். அந்தப் பயம் ஏன் என்பதைச் சொல்ல இதுவரை எனக்குச் சரியான உதாரணம் கிடைக்கவில்லை. போன மார்கழியில் கிடைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் நடுவில் வெட்டுங்கள், கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் முள்ளியவளையில் இருக்கிறேன். முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இவர், என் கணவர், தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் கமம் செய்தவர், கமக்காரர் அமைப்பில் பல வருடம் செயலாளராக இருந்தவர். எங்கள் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருக்கிறாள். பேரனுக்கு மார்கழி விடுமுறை வந்ததும் எங்களையும் கூப்பிட்டாள். நாங்கள் வெளிக்கிட்ட கிழமை குளம் நிரம்பி, மிகுந்த நீர் வழியும் வானுக்கு மேலால் பாய்ந்துகொண்டிருந்தது; வான் பாய்வது என்போம். இவருக்கு அதை விட்டுவிட்டு வர மனமே இல்லை. அங்கே போய் இறங்கிய அன்றிரவே தம்பிக்கு ரெலிபோன் எடுத்து, வானுக்கு மேலால் எத்தனை அங்குலம் பாய்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

மியாமியின் கடற்கரையையும் கட்டிடங்களையும் பற்றி எழுத ஒன்றுமில்லை. மருமகன் மூன்றாம் நாள் எங்களை எவர்கிளேட்ஸ் என்ற ஈரநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். படிப்பித்த காலத்தில் வரைபடத்தில் விரலால் காட்டிய இடம். அங்கே மழைக்காலம் வைகாசி, ஆனி தொடக்கம் ஐப்பசி வரைக்கும். எங்களுக்கு மாரி கொட்டும் மார்கழியில் அவர்களுக்குத் தண்ணீர் வற்றத் தொடங்கும். பறவைகளும் விலங்குகளும் மிச்சமிருக்கும் நீரைத் தேடி ஒன்றுசேர்வதால் பார்க்கப் போகிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம்.

அன்ஹிங்கா பாதை என்று ஒரு பலகைப்பாதை இருக்கிறது. தண்ணீருக்கு மேலால் கால் நனையாமல் நடக்கலாம். பத்தடி தள்ளி ஒரு கொப்பில், செட்டையை இரண்டு பக்கமும் விரித்துக் காயப்போட்டபடி ஒரு கறுப்புப் பறவை, கழுத்தைப் பாம்பு மாதிரி வளைத்துக்கொண்டு இருந்தது. பேரன் கையேட்டைப் புரட்டிப் பெயரைத் தேட முதல் நான் சொன்னேன்: "பாம்புத்தாரா, ராசா. எங்கட குளத்தில பட்டமரத்தில இருக்கிறது." அவன் நம்பவில்லை. இனம் வேறுதான். ஆனால் ஒரே சாதி, உலகத்தில் அந்தச் சாதியில் நான்கே இனங்கள். அதன் கீழே கரையில், ஆள் நீளத்துக்கு மேலே அலிகேற்றர் ஒன்று வெயில் காய்ந்தது. எங்கள் குளத்து முதலையைவிட நிறம் கறுப்பு. மூக்கு அகன்று வட்டமாக இருக்கும். முதலையும் அலிகேற்றரும் இயற்கையாகச் சேர்ந்து வாழும் இடம் உலகத்தில் தென் புளோரிடா ஒன்றுதான். தோலுக்காக வேட்டையாடி அழித்ததால் 1967 இல் அலிகேற்றரை அழியும் இனமாகப் பட்டியலிட்டார்கள். இருபது வருடம் சட்டத்தால் காத்ததில் 1987 இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது.

அடுத்த நாள் ஷார்க் பள்ளத்தாக்கு என்ற பக்கம் போனோம். பதினைந்து மைல் சுற்றுப்பாதை. நடுவில் ஒரு கோபுரம். ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் முழுக்கக் கோரை. புல்லாறு என்று சொல்கிறார்கள், ஆனால் அது புல் இல்லை. எங்கள் ஊர்க் கோரையின் குடும்பம். ஓரத்தில் வாள் பல் மாதிரி முள், கையை வைத்தால் கிழித்துவிடும். அதன் அடியில் தண்ணீர் இருப்பதே தெரியாது. ஆனால் இருக்கிறது, நகர்கிறது. வடக்கே ஒக்கிச்சோபி என்ற பெரிய ஏரி நிரம்பி வழிந்து, ஏறத்தாழ அறுபது மைல் அகலத்துக்கு மெல்லிய தகடாகப் பரந்து, தெற்கே கடலைப் போய்ச் சேர்ந்ததாம். ஒரு மைலுக்கு இரண்டு அங்குலம்கூட இல்லாத சரிவு. இவர் கோபுரத்தில் நின்று கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இது குளமுமில்லை, ஆறுமில்லை. முழுத் தரையுமே வான் பாயுது."

என் படிப்பில் அந்த வசனம் இல்லை, ஆனால் அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தத் தண்ணீரை மனிதர் என்ன செய்தார்கள் என்பதை ஒரு குளத்துக் கமக்காரனுக்கு விளங்கப்படுத்துவது சுலபம். ஏரிக்குத் தெற்கே அணை கட்டினார்கள். வாய்க்கால்களை வெட்டித் தண்ணீரை நேரே கடலுக்கு விட்டார்கள். காய்ந்த நிலத்தில் கரும்பு வைத்தார்கள். 1928 இல் திறந்த டாமியாமி வீதி கிழக்கு மேற்காகக் குறுக்கே கிடந்து, தெற்கே போகும் நீரை அணைக்கட்டு மாதிரி மறித்தது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கிசிமி ஆறு 103 மைல் வளைந்து வளைந்து ஓடியது. வெள்ளத்தைத் தடுக்கவென்று 1962 தொடக்கம் 1971 வரை வேலை செய்து, 56 மைல் நேர்க் கால்வாயாக ஆக்கிவிட்டார்கள். ஆறு நேரானதும் வெள்ளச் சமவெளி காய்ந்தது, தாராக்கள் வருவது நின்றது, முன்பு வளைவுகளில் வடிந்து தெளிந்த நீர் இப்போது அழுக்கோடு ஏரிக்குப் போனது. பிறகு பிழையை உணர்ந்து, தோண்டிய கால்வாயை மண் போட்டு மூடி, பழைய வளைவுகளில் 44 மைலைத் திரும்ப ஓடவைத்தார்கள். அந்த வேலை 2021 இல்தான் முடிந்தது. செலவு கிட்டத்தட்ட நூறு கோடி டொலர். டாமியாமி வீதியிலும் தண்ணீர் கீழால் போவதற்காக ஒரு மைல் நீளத்துக்குப் பாலம் போட்டு 2013 இல் முடித்திருக்கிறார்கள். அதன் மேலால்தான் எங்கள் கார் போனது. இவர் கண்ணாடியைத் திறந்து கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். குளத்து நீர் ஏறும் அலைகரையில் வீடு கட்டாதே, வாய்க்காலை மூடாதே என்று கூட்டம் கூட்டமாகப் பேசி அலுத்த மனிசன் அவர்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வரண்ட காலத்தில் அலிகேற்றர் மூக்காலும் வாலாலும் சேற்றைக் கிளறி ஒரு குழி தோண்டிவைக்கும். சுற்றுப்புறம் வெடித்துக் கிடக்கும்போது அந்தக் குழியில் மட்டும் நீர் நிற்கும். மீன், ஆமை, நத்தை, பறவை எல்லாம் அதில் ஒதுங்கி அடுத்த மழைவரை உயிர் பிழைக்கும். அதில் சிலதை அலிகேற்றரும் தின்னும், அது வேறு. அதைக் கேட்டதும் எனக்கு மடு என்ற சொல் நினைவுக்கு வந்தது. இரணைமடு, கல்மடு, கற்சிலைமடு. மோட்டை, முறிப்பு, வில். எங்கள் ஊர்ப்பெயர்களில் எத்தனை நீர் நிற்கும் இடத்தின் பெயர்கள்! ஆவணியில் குளம் வற்றும்போது எந்த மூலையில் கடைசித் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்த ஆட்கள் வைத்த பெயர்கள் அவை. வகுப்பில் படிப்பித்த காலத்தில் இதை ஏன் ஒருநாளும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை என்று அன்று முழுக்க மனம் உறுத்தியது.

வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பு பற்றியும் சொல்லவேண்டும். பர்மா தேசத்து வெங்கிணாந்தியை வீட்டில் வளர்க்கவென்று வாங்கிப் பிறகு விட்டவர்களாலும் தப்பிப் போனவற்றாலும் அது எவர்கிளேட்ஸில் பெருகிவிட்டது. அது நீண்டகாலம் நிலைத்த பகுதிகளில் இரவில் வீதியோரம் தென்படும் றக்கூன் என்ற விலங்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாக 2012 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எங்கள் காட்டில் பாம்பு தன் இடத்தில் இருக்கிறது, எவர்கிளேட்ஸில் அதைக் கட்டுப்படுத்தப் போதிய எதிரி இல்லை. வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து தண்ணீரில் விடுபவர்கள் இதை யோசிக்கவேண்டும். எங்கள் குளங்களிலும் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் தானாக வந்தவை அல்ல.

இனி நான் எழுத வந்த விசயம்.

மகள் இருக்கும் இடத்திலிருந்து மேற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் பிக் சைப்பிரஸ் என்ற இடம் வரும். அது புளோரிடாவின் பழங்குடிகளான செமினோல் மக்களுக்கென்று விட்ட ஒதுக்குநிலம். வீதியின் இரண்டு பக்கமும் உயரக் கம்பிவேலி. காட்டுச் சிறுத்தையும் கரடியும் வாகனத்தில் அடிபடாமல் போக வீதிக்குக் கீழால் வழிகள் விட்டிருக்கிறார்கள். புளோரிடாவில் அந்தச் சிறுத்தை வளர்ந்தவையாக இருநூறு அளவில்தான் மிஞ்சியிருக்கிறது. உள்ளே போனால் செமினோல் மக்களே நடத்தும் அருங்காட்சியகம். ஆ-தா-தி-கீ என்று பெயர். கற்கும் இடம், நினைவுகொள்ளும் இடம் என்று பொருள். 1997 இல் திறந்தது. பின்பக்கத்தால் ஒரு மைல் பலகைப்பாதை சைப்பிரஸ் காட்டுக்குள் போகிறது. எங்கள் மருதமரம் குளத்துக்குள் காலை ஊன்றி நிற்குமே, அதுபோல அந்த மரங்கள் நீருக்குள் நிற்கின்றன. மார்கழியில் இலை உதிர்ந்து வெறுங்கொப்பாக இருந்தன. பாதையோரம் பலகைகளில் எந்தச் செடி எதற்கு உதவும் என்று எழுதிவைத்திருந்தார்கள்.

பாதையின் முடிவுப் பக்கம் சில கொட்டில்கள். சிக்கீ என்பார்கள். நாலு பக்கமும் திறப்பு. சைப்பிரஸ் மரக்கால், மேலே பனைச்சாதி மரத்தின் ஓலை, நிலத்திலிருந்து உயர்த்திய பலகைத்தளம். ஓலை வேய்ந்திருந்த விதத்தை இவர் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "எங்கட ஆக்கள் வேய்ஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றார். உண்மையிலேயே வரிச்சும் கட்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சமையலுக்குத் தனிக் கொட்டில். கட்டைகளை வண்டிச்சில்லின் ஆரக்கால்போல வட்டமாக அடுக்கி, நடுவில் முனைகள் சேரும் இடத்தில் நெருப்பு. எரிய எரியக் கட்டையை உள்ளே தள்ளினால் போதும். இன்றைக்கும் செமினோல் ஆட்களும் அவர்களின் உறவுக் குழுவான மிக்கசூக்கி ஆட்களும் கட்டும் சிக்கீகளுக்குப் புளோரிடா மாநிலத்தின் கட்டிட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஓலைக்கொட்டில் கட்ட அவர்களுக்குப் பொறியியலாளரின் ஒப்பம் தேவையில்லை. சட்டம் அவர்களின் கைத்திறனை நம்புகிறது என்பது எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது.

ஒரு கொட்டிலில் ஒரு வயதான அம்மா துணி தைத்துக்கொண்டிருந்தார். கையால் சுற்றும் தையல் மெசின் நூறு வருடத்துக்கு முன்பு அவர்களின் கைக்கு வந்தபின் உருவான வேலை அது. நிறம் நிறமாகத் துணியைக் கிழித்து, ஒட்டித் தைத்து, மறுபடி வெட்டி, சரித்துவைத்துத் திரும்பத் தைக்கிறார்கள். மழை, நெருப்பு, மின்னல் என்று ஒவ்வொரு கோலத்துக்கும் பெயர். என் அம்மாவிடம் அதே மாதிரி ஒரு கைமெசின் இருந்தது. 2009 இல் புதுக்குடியிருப்பு தாண்டி எங்கேயோ விட்டுவிட்டு வந்தோம். அதை மகள் அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் எழும்பி எனக்கு இடம் விட்டு, மெசினின் கைபிடியைக் காட்டினார். நான் ஒரு பத்துச் சுற்றுச் சுற்றினேன். சத்தம் அதே சத்தம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மாவை உருட்டித் தட்டி எண்ணெயில் பொரித்த ரொட்டி, சோளத்தில் காய்ச்சிய சொவ்கி என்ற கஞ்சி. ஆனால் என்னை நிறுத்தியது கூன்ரி என்ற கிழங்கு. பச்சையாகத் தின்றால் நஞ்சு. அரைத்து, கரைத்து, அடையவைத்து, தண்ணீரை வடித்து வடித்து நஞ்சைப் போக்கி மாவெடுத்தார்கள். போர்க்காலத்தில் ஒளிந்திருந்த மக்களைக் காத்த சாப்பாடு அது. ஒடியல்மாவை ஊறவைத்துக் காறல் போகத் தண்ணீர் வடித்துக் கூழ் காய்ச்சுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்த மக்கள் ஏன் இந்தச் சதுப்புக்குள் வந்தார்கள்? மூன்று போர்கள்: 1817 இல் ஒன்று, 1835 தொடக்கம் 1842 வரை ஒன்று, 1855 தொடக்கம் 1858 வரை ஒன்று. 1830 இல் அமெரிக்க அரசு, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கேயிருந்த பழங்குடிகளை மேற்கே அனுப்பச் சட்டம் போட்டது. செமினோல்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து இன்றைய ஒக்லகோமாவுக்கு அனுப்பினார்கள். அவர்களின் வீரன் ஒசியோலாவை 1837 இல் வெள்ளைக்கொடியின் கீழ் பேச வந்த இடத்தில் பிடித்தார்கள்; மூன்று மாதம் சற்றுக் கடந்து சிறையில் இறந்தார். கடைசியில் முந்நூறு பேர் அளவில், கோரைக்கு நடுவேயிருந்த மரத்திட்டிகளில் ஒளிந்து மிஞ்சினார்கள். சமாதான ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை; அதனால்தான் தங்களை வெல்லப்படாத மக்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இன்று நாலாயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள். 1803 ஒக்ரோபர் 31 இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகக் கல் நட்ட கற்சிலைமடுவுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனவள் நான். அந்தக் கல்லை எழுதியது வென்றவர்கள். ஆ-தா-தி-கீயில் பிழைத்தவர்கள் தாங்களே எழுதிய சுவரை வாசித்தேன். வித்தியாசம் அங்கே விளங்கியது.

ஓடும்போது விட்டுவிட்டுப் போகக்கூடிய வீடாகத்தான் சிக்கீ உருவானது என்று அங்கே விளங்கப்படுத்தினார்கள். இவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். பதினொரு இடம் மாறியவர்கள் நாங்கள். ஒவ்வொரு இடத்திலும் நாலு தடி, ஒரு தறப்பாள், பக்கத்தில் பங்கர். பேரனுக்கு அதை இன்னும் நாங்கள் முழுதாகச் சொல்லவில்லை. அன்று காரில் திரும்பும்போது அவனாகவே கேட்டான், இவர் கொஞ்சம் சொன்னார்.

இன்னொன்று. 1910களிலும் 20களிலும் மியாமிப் பக்கம் மூசா ஐல், கொப்பிங்கர் தோட்டம் போன்ற இடங்களில் செமினோல் குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்தி, அவர்கள் சமைப்பதையும் தைப்பதையும் அலிகேற்றரோடு மல்லுக்கட்டுவதையும் காசு கொடுத்துப் பார்த்தார்கள். நிலம் காய்ந்து வேட்டை குறைந்த காலத்தில் அந்தக் குடும்பங்களுக்கும் வருமானம் தேவைப்பட்டது. ஆனால் விளக்கம் சொன்னதும் பெரும் லாபம் எடுத்ததும் தோட்டத்தின் சொந்தக்காரர். அதைக் கேட்டபோது எனக்கு 2010 நினைவுக்கு வந்தது. முகாமிலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தோம். ஏ9 வீதியால் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து, உடைந்த வீடுகளையும் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும் படமெடுத்தார்கள். என்னையும் ஒருவர் படமெடுத்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே அவர் என்ன எழுதினாரோ.

ஒதுக்குநில அருங்காட்சியகத்துக்கும் மூசா ஐலுக்கும் பார்க்க வருகிறவர்களில் பெரிய வேறுபாடு இல்லை. சொல்கிறவர் மாறிவிட்டார். சொல்கிறவர் மாறுவதற்கு முன்பு அவர்களுக்கு நிலத்தில் உரிமை கிடைத்தது. 1957 இல் புளோரிடாவின் செமினோல் இனக்குழுவை மத்திய அரசு அங்கீகரித்தது. மிக்கசூக்கி இனக்குழுவை 1962 இல். அவர்களுக்கு இன்று சூதாட்ட விடுதிகளால் பெரும் வருமானம் வருகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை, இவருக்கும் பிடிக்கவில்லை. வன்னிக்கு அப்படி ஒன்றை யாரும் யோசிக்கவே கூடாது. ஆனால் காசு இருப்பதால் தங்கள் பாடசாலையைத் தாங்களே நடத்துகிறார்கள். பிறைட்டன் என்ற மற்ற ஒதுக்குநிலத்தில் 2007 இல் தொடங்கிய பாடசாலையில் தங்கள் மொழிகளில் ஒன்றான கிறீக்கைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன்.

ஐயா, இங்கேதான் நான் உங்கள் வாசகர்களின் முழுக் கவனத்தைக் கேட்கிறேன். எவர்கிளேட்ஸ் தேசிய பூங்காவை 1947 மார்கழியில் அன்றைய ஜனாதிபதி ட்ரூமன் திறந்துவைத்தார். காடும் நீரும் காக்கப்பட்டன. ஆனால் பூங்கா எல்லைக்குள் காலங்காலமாகக் குடியிருந்து, வேட்டையாடி, மீன்பிடித்த குடும்பங்கள் வெளியேறவேண்டி வந்தது. தண்ணீரையும் பறவையையும் காத்த சட்டத்துக்கு அந்தத் திட்டிகளில் அடுப்பெரித்தவர்கள் கண்ணில் படவில்லை. இருபத்தேழு வருடம் கழித்து, 1974 இல், பக்கத்திலிருந்த பிக் சைப்பிரஸ் சதுப்பைக் காக்கச் சட்டம் எழுதினார்கள். அதில் மிக்கசூக்கி, செமினோல் மக்கள் அங்கே வழக்கமாகச் செய்துவரும் வேட்டை, மீன்பிடி, சடங்குகள் எல்லாம் தொடரலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒரே தண்ணீர், ஒரே மக்கள், இரண்டு சட்டங்கள். இரண்டாவதில் அவர்களின் பெயர் இருக்கிறது.

எங்களிடம் சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமானது, 2015 இல் தேசிய பூங்காவானது. கொக்கிளாய் 1951 இல் சரணாலயமானது. நந்திக்கடலை 2017 இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்தார்கள். மன்னாரின் வங்காலை 2010 இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எவர்கிளேட்ஸ் 1987 தொடக்கம் அதே பட்டியலில் இருக்கிறது. இவற்றைக் காக்கவேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். மாசி மாதம் பரவைக்கடலில் பூநாரைகள் கூட்டமாக இறங்கி நிற்பதைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல முடியாது. கூழைக்கடாவும் செங்கால் நாரையும் அரிவாள்மூக்கனும் எங்கள் பிள்ளைகளுக்கு மிஞ்சவேண்டும். ஆனால் எங்கள் உறவுக்காரர் ஒருவரின் வயலுக்குள் ஒருநாள் ஓர் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். அவர் வீட்டில் இருக்கவில்லை. காணி உறுதியைக் கொண்டு மூன்று வருடமாக அலைகிறார். ஒரு மேசை மற்ற மேசையைக் காட்டுகிறது. வட்டுவாகல் பக்கம் இறால் பிடிக்கிற ஒரு பொடியன், எந்த இடத்தில் வலை வீசலாம் எந்த இடத்தில் கூடாது என்று யாருமே தனக்குத் தமிழில் எழுதித் தரவில்லை என்று என்னிடம் சொன்னான். அவன் சட்டத்தை மீறவேண்டும் என்று நினைக்கிறவன் இல்லை. எங்கே கோடு என்று கேட்கிறான்.

ஆகவே அதிகாரிகளிடமும் எங்கள் மக்கள் பிரதிநிதிகளிடமும் நான் கேட்பது ஒன்று: எல்லை போடும்போது அங்கே பரம்பரையாகத் தொழில் செய்பவர்களின் வழக்கங்களையும் அந்த வர்த்தமானியில் எழுதுங்கள். வீச்சுவலைக்கு எந்த மாதம், மாடு மேய்க்க எந்தக் கரை, வட்டாப்பளைப் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுக்கவும் நேர்த்திக்காரர் நடக்கவும் எந்தப் பாதை, முகத்துவாரம் எப்போது யார் சொல்லித் திறப்பது. இதெல்லாம் எங்கள் ஆட்களின் தலையில் இருக்கிறது, கடதாசியில் இல்லை. 1974 இல் அவர்கள் எழுதியதுபோல எழுதுங்கள். 1947 இல் நடந்ததுபோல எங்களிடம் நடக்கவேண்டாம்.

சுற்றுலா என்று வந்தால், முதல் வேலையாக ஹொட்டேலுக்கு அத்திவாரம் போடாதீர்கள். அங்கே ஏர்போட் என்று ஒரு வள்ளம், பின்னால் பெரிய விசிறி, தண்ணீருக்கு மேலால் பறக்கும். பேரன் மகிழ்ந்தான். எனக்குக் காதைப் பொத்தியும் நெஞ்சு அதிர்ந்தது. ஒரு கூட்டம் வெள்ளைக் கொக்கு எழும்பிப் போய்விட்டது. அதைப் பார்த்து யாராவது நந்திக்கடலுக்கும் வேண்டுமென்று கேட்டால் மறுத்துவிடுங்கள். எங்கள் தோணியும் மரக்கோலும் போதும். தள்ளத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது வருமானமாகட்டும். ஒரு பலகைப்பாதை, பனையோலை வேய்ந்த ஒரு கொட்டில், அதில் எங்கள் குளத்துச் சாமான்கள்: மீன் பிடிக்கும் கரப்பு, அத்தாங்கு, பறி, தூண்டில், பன்பாய், கடகம், சுளகு, மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் நெல்லில் ஒவ்வொரு பிடி. துருசு, வான், அலைகரை, மோட்டை என்றால் என்ன என்று ஒரு மாதிரிக் குளத்தில் காட்டலாம். விளக்கம் சொல்வது எங்கள் பிள்ளைகளாக இருக்கட்டும், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். போரைப் பற்றியும் சொல்லட்டும், எவ்வளவு சொல்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். இதற்குக் கோடிக்கணக்கில் காசு வேண்டாம். பிரதேச சபையும் பாடசாலைகளும் கமக்காரர், கடற்றொழிலாளர் அமைப்புகளும் ஒரு மேசையில் இருந்தால் ஒரு மாரிக்குள் தொடங்கலாம் என்று இவர் கணக்குப் போட்டுச் சொல்கிறார். மரத்துக்கு எவ்வளவு, ஓலைக்கு எவ்வளவு என்று விமானத்தில் வரும்போதே எழுதிவைத்துவிட்டார்.

எங்கள் ஒழுங்கையில் எண்பத்தொரு வயதில் ஒரு ஐயா இருக்கிறார். கரப்புப் பின்னத் தெரிந்தவர் இந்தப் பகுதியில் எனக்குத் தெரிய அவர் ஒருவர்தான். எந்தப் பிரம்பு, எந்த மாதம் வெட்டவேண்டும், எத்தனை நாள் ஊறவைக்கவேண்டும் என்றெல்லாம் போன கிழமை கேட்டேன். நின்றநிலையில் அரைவாசிதான் சொன்னார். மிச்சத்தைப் பின்னிக் காட்டினால்தான் சொல்ல வரும் என்றார். வருகிற சனிக்கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரோடு போகிறேன். பிரம்பு வெட்டி ஊறப்போட்டாயிற்று. கொப்பி இரண்டு வாங்கிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
முள்ளியவளை.